அன்றைக்கே திரும்பி வந்த அலமாரி

காலையில் போன அலமாரி பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டது.

ரெஜினா அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டாம் நாள் அது. சீர் சாமான்களை ஏற்றிக்கொண்டு அரக்கோணம் போன டெம்போ எங்கள் வாசலில் வந்து நின்றது. பாத்திரம் பண்டம், மெத்தை, தையல் மெஷின் எல்லாம் அங்கேயே இறங்கியிருந்தன. அலமாரி மட்டும் அப்படியே இருந்தது. பலகை பலகையாகப் பிரித்து, பழைய போர்வை சுற்றி, நைனா போட்டிருந்த முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை.

டிரைவர் கீழே இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்தார். நைனாவைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உபதேசியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. எறக்க உடமாட்டேங்கறாங்க. மாப்ளையோட அம்மா வாசப்படியிலயே நின்னுகினு, 'செத்துப்போன சாமியாரு சாமானு எங்க வூட்டுக்கு வாணாம். இரும்பு பீரோ வந்தா எறக்கு, இத்த எத்துனு போ'ன்னுட்டாங்க."

"பாப்பா இன்னா சொல்லிச்சு?" என்றார் நைனா. அக்காவை அவர் அப்படித்தான் சொல்வார்.

"பாப்பா உள்ள இருந்துச்சுங்க. தலைய குனிஞ்சிகினு இருந்துச்சு."

எதிர் வீட்டில் தறி நின்றது. எங்கள் தெருவில் தறிச்சத்தம் நின்றால், எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அத்தனை பேர் பார்க்க, நைனா ஒவ்வொரு பலகையாக வாங்கித் தோளில் வைத்து உள்ளே கொண்டுபோனார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். தாவணி போட ஆரம்பித்திருந்த வயது எனக்கு. பலகையின் கனத்தைவிட, எதிர் வீட்டு ஜன்னல்தான் எனக்குக் கனமாக இருந்தது.

சாமியார் பீரோ

சென்ற வாரம் இந்தப் பத்தியில் மலைப்படித் திருவிழாவைப் பற்றி எழுதியபோது, எங்கள் வீட்டு அலமாரியைப் பற்றி ஒரு வரி போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அது என்ன அலமாரி என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேட்காமல் இருந்திருக்கலாம். இது நல்ல கதை இல்லை.

திருத்தணி என்றால் எல்லோருக்கும் முருகன்தான். காவடி, மொட்டை, படிக்கட்டில் தேங்காயைப் பிடுங்கும் குரங்குகள். அந்த மலையின் நிழலில் நாலு தெரு தள்ளி எங்களைப் போன்ற வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. நைனா பங்குக் கோயிலில் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாவுக்கு மணி அடிப்பது, சாமியார் வராத கிராமங்களுக்கு சைக்கிளில் போய் பூசை தேதி சொல்வது, எல்லாம் அவர் வேலை.

நைனா சின்னப் பையனாக இருந்தபோது, இந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சு சாமியார் இருந்தார். நான் பார்த்ததில்லை. நீளத் தாடி, சைக்கிள் ஓட்டும்போது அங்கியைத் தூக்கிச் செருகிக்கொள்வார், ரசம் என்றால் உயிர் என்பதெல்லாம் நைனா சொல்லித்தான் தெரியும். அவர் புதுச்சேரிக் கப்பலில் கொண்டுவந்தது இந்த அலமாரி. சாகும்போது, தனக்குக் கால் பிடித்துவிட்ட நைனாவுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தெருவில் அதற்கு 'சாமியார் பீரோ' என்று பெயர். நைனா மட்டும் சாமியார் சொன்ன மாதிரியே 'அர்முவார்' என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் வாய் குவிவதைப் பார்த்து அம்மா சிரிப்பாள்.

பெரியது. எங்கள் வீட்டு உத்தரத்தை இடிக்கிற உயரம். ஓக் மரம். காலப்போக்கில் தேன் நிறத்துக்கும் கருவாட்டு நிறத்துக்கும் நடுவில் ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு கதவுகள், அவற்றில் மேலிருந்து கீழ்வரை நீளமான இரும்புக் கீல். முன்னங்கால்கள் நத்தை சுருண்டுகொண்டது போலச் சுருண்டிருக்கும். கதவுகளுக்கு மேலே நெற்றியில் ஒரு கூடை, கூடை நிறைய பூ, இரண்டு பக்கமும் ஒவ்வொரு புறா. செதுக்கியவர் பெரிய கலைஞர் இல்லை. ஒரு புறா கொஞ்சம் கோழி மாதிரிதான் இருக்கும்.

பலகைகளைக் கோத்ததில் ஒரு இரும்பு ஆணிகூடக் கிடையாது. எல்லாம் மர ஆணி. மரச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் ஆணி வெளியே வரும், அலமாரி பலகை பலகையாகப் பிரிந்து நிற்கும். மறுபடி கோத்தால் மறுபடி அலமாரி. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்குத்தான் சாமியார் நைனாவிடம் ஒரு காரணம் சொல்லியிருந்தார்.

பெண் பிறந்தால் ஒரு மரம்

அவருடைய ஊர் பிரான்சில் ஏதோ பட்டிக்காடு. மாடு, ஆப்பிள் தோட்டம், சேறு. அங்கே பெண் பிறந்தால் அப்பா ஒரு மரத்தைப் பார்த்து வைப்பாராம். வெட்டி, வருஷக்கணக்கில் காயப்போட்டு, அந்தப் பெண் கல்யாணத்துக்கு நிற்கும்போது ஊர் ஆசாரி அதை அலமாரியாக்கி முடித்திருப்பார். புறா என்றால் கல்யாணம், கூடை என்றால் நிறைந்த வாழ்வு. பெண் நெய்த துணியும் விரிப்பும் அதில் அடுக்கி, அலமாரியைப் பிரித்து வண்டியில் ஏற்றி, பெண்ணோடு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஊரே வழியில் நின்று பார்க்கும். பிரித்து ஏற்றுவதற்காகத்தான் மர ஆணி.

சாமியாருடைய தங்கைக்காகச் செய்தது இந்த அலமாரி. தங்கை கல்யாணத்துக்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அதைப் பார்க்கச் சகிக்காமல், சாமியாராகிக் கிளம்பிய மகனோடு கப்பலேற்றி விட்டார்கள்.

இதைக் கேட்டவுடன் 'ராசியில்லாத அலமாரி' என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. மரம் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் செய்தவர்கள் மனிதர்கள்.

நைனாவுக்கு இந்தக் கதை மனதில் ஒட்டிக்கொண்டது. ரெஜினா அக்கா பிறந்த அன்றைக்கே அலமாரி அவளுக்கு என்று சொல்லிவிட்டார். ஓக் மரத்துக்கு அவர் எங்கே போவார்? ஏற்கெனவே அலமாரியாக நின்றுகொண்டிருந்ததை அவள் பெயருக்கு எழுதாமல் எழுதிவிட்டார். அப்புறம் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு புடவை அதில் போகும். பொதட்டூர்பேட்டையிலோ அம்மையார்குப்பத்திலோ தறியிலிருந்து இறங்கிய சாதா நூல் புடவைதான். அக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்குப் புடவை இருந்தது. வெட்டிவேர் வைத்து அம்மா அடுக்குவாள். கதவைத் திறந்தால் வெட்டிவேரும் புதுத்துணிக் கஞ்சியும் சேர்ந்து ஒரு வாசம் வரும்.

எனக்குப் பொறாமை. "எனக்கு எதுவும் கெடையாதா?" என்று கேட்டால், "உனக்கு வாய் இருக்குதே, அத்த வச்சிப் பொழச்சிக்குவ" என்பாள் அக்கா. அவளுக்கு வாய் கிடையாது. அடித்தால்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கொடியில் தொங்கிய புடவைகள்

திரும்பி வந்த அலமாரியை நைனா மறுபடி கோத்து அதே மூலையில் நிறுத்தினார். விற்று இரும்பு பீரோ வாங்கலாம் என்று அலைந்தார். அப்போது இந்தச் சாமானை யார் தொடுவார்கள்? வீட்டுக்கு வீடு இரும்பும் மைக்காவும் ஃபார்மிகாவும் வந்துகொண்டிருந்த நேரம். விறகுக் கடைக்காரர் ஒருவர்தான் வந்து பார்த்தார். "மரம் காஞ்சிருக்குது, நல்லா எரியும்" என்று பாராட்டிவிட்டுப் போனார். கிறிஸ்துமஸ் கழித்து எப்படியும் பீரோ வாங்கித் தருகிறேன் என்று நைனா அரக்கோணத்துக்குச் சொல்லி அனுப்பினார். அந்தக் கிறிஸ்துமஸும் போனது.

அக்கா வீட்டுக்கு நான் முதல்முறை போனபோது, கூடத்தில் சுவருக்குச் சுவர் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. உத்தரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் பெரிய இரும்புக் கொக்கி அடித்து, அவற்றில் கட்டியிருந்தார்கள். கயிற்றில் அக்காவின் புடவைகள் தொங்கின. எல்லாம். உள்பாவாடை, ரவிக்கை உட்பட.

அந்த வீட்டில் அலமாரி இல்லாமல் இல்லை. மாமியாருக்கு ஒன்று, பாவாவுக்கு, அதாவது அக்காவின் புருஷனுக்கு, ஒன்று. ஆனால் மாமியார் ஒரு சட்டம் போட்டிருந்தாள். "ஒன் பீரோ வந்தா ஒன் துணி உள்ள போவட்டும்." அவ்வளவுதான். யார் வந்தாலும் அந்தப் புடவைகளுக்கு அடியில் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பால்காரன், வரி வசூலிக்க வருகிறவன், பாவாவின் சிநேகிதர்கள். குனிந்தவர்கள் நிமிர்ந்து, இது என்ன என்று கேட்பார்கள். மாமியார் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்வாள்.

பாவா ரயில்வேயில் இருந்தார். அடிக்கிறவர் இல்லை. குடிக்கிறவரும் இல்லை. காதுமடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே பேப்பர் படிப்பார். அவருடைய அம்மா பேசும்போது பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். நல்லவர் என்று எங்கள் உறவில் எல்லோரும் சொன்னார்கள். அந்த வார்த்தையின் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்தக் கூடத்தில்தான் போனது.

"கழட்டிப் போடேன்க்கா" என்றேன்.

"எங்க போடறது?" என்றாள் அக்கா. சிரித்தாள்.

பாசி

அடுத்த மழைக்காலத்தில் அக்கா அந்த வீட்டுக் கிணற்றில் கிடந்தாள்.

தண்ணீர் சேந்தப் போனாளா, குதித்தாளா, வேறு ஏதாவதா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த மாதிரி எழுத முடியாது. அன்று மழை பெய்திருந்தது. கிணற்றடிக் கல்லில் பாசி இருந்தது. இரண்டும் உண்மை.

விசாரணைக்கு வந்தார்கள். கல்யாணமாகி அதிக நாளாகாத பெண் என்பதால் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரியும், கூட போலீஸும். அதிகாரி கெட்டவர் இல்லை. அந்தக் கொடியைப் பார்த்தவுடன் அவருக்கே ஏதோ புரிந்துவிட்டது. நைனாவைத் தனியாக வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். நான் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பயப்படாம சொல்லுங்க ஐயா. உங்க பொண்ண இங்க தொந்தரவு பண்ணாங்களா? உங்க வாய்ல இருந்து ஒரு வார்த்தை வந்தா போதும், மீதிய நான் பாத்துக்கறேன்."

நைனா கிணற்றைப் பார்த்தார்.

"இல்லீங்க. நல்லாதான் வச்சிருந்தாங்க. கல்லுல பாசி. வழுக்கி வுழுந்துட்டா."

என் கை அவர் கையிலிருந்து தானாக விலகியது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அப்போதெல்லாம் பூசை கிடையாது, மணி கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. திருச்சபைச் சட்டம் பிற்பாடு இளகியது என்கிறார்கள். எங்கள் ஊர்க் காதுக்கு அது வந்து சேரவில்லை. சுவருக்கு வெளியே, முள்வேலிப் பக்கம்தான் புதைப்பார்கள். அதற்குச் சில வருஷம் முன்பு ஒரு தறிக்காரர் மனைவியை அப்படிப் புதைத்தார்கள். அந்தப் பெட்டியைக் கோயில் வாசல் வழியாகக் கொண்டுவராதீர்கள், பின்னால் சுற்றிப் போங்கள் என்று கையைக் காட்டி அனுப்பியதே உபதேசியார்தான். எங்கள் நைனா.

ஆக அவருக்குத் தெரியும், 'தொந்தரவு பண்ணாங்க' என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று. தொந்தரவு தாங்காமல் குதித்தாளா என்பார்கள். ஊர் 'ஆமாம்' என்னும். அக்கா சுவருக்கு வெளியே போவாள். அதனால் பாசியைச் சொன்னார். ஆறடி மண்ணுக்காக, அந்த வீட்டாரைத் தப்பவிட்டார்.

அக்காவுக்கு மணி அடித்தது. பூசை நடந்தது. கல்லறைச் சுவருக்கு உள்ளே, அங்கே ஒரு வேப்பமரத்துப் பக்கம் இடம் கிடைத்தது. பாவா குடும்பத்தார் முதல் வரிசையில் நின்று அழுதார்கள். அடுத்த வருஷமே பாவாவுக்கு வேறு கல்யாணம் நடந்தது. அக்காவின் புடவைகளை ஒரு அரிசிச் சாக்கில் போட்டு ரயிலில் அனுப்பிவைத்தார்கள். கயிற்றின் மடிப்பு ஒவ்வொரு புடவையிலும் வெளுத்துப்போய்க் கோடாக இருந்தது. அம்மா துவைத்துத் துவைத்துப் பார்த்தாள், போகவில்லை. வெட்டிவேர் வைத்து அலமாரியில் அடுக்கினாள்.

நைனா அதற்குப் பிறகு 'அர்முவார்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நாட்டு அலமாரி

அம்மாவும் போய், நைனாவும் போய், வாத்தியார் வேலையிலிருந்து ரிடையரும் ஆகிவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் பீரோ இல்லை என்று சொல்வது வழக்கம். அடுத்த மாதம் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். கட்டில் ஒன்று, சின்ன மேஜை ஒன்று, அவ்வளவுதான் அங்கே இடம். பிரித்துக் கொண்டுபோனாலும் அலமாரியை அங்கே நிறுத்த முடியாது.

பழைய சாமான் வாங்கி விற்கும் பாஷா பாய் வந்து பார்த்தார். பார்த்ததும் செருப்பை வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

"டீச்சரம்மா, இது இன்னா ஐட்டம் தெரியுமா? ப்ரெஞ்ச் கண்ட்ரி! மெட்ராஸ்ல இதுக்கு சாவறாங்கம்மா. ஒண்ணும் பண்ணிடாதீங்க, பாலிஷ்கூட போடாதீங்க. இந்தக் கறை, இந்தக் கீறலு, இதுதாம்மா மவுசு."

"கண்ட்ரின்னா நாடுதானே பாய்? நாட்டுக்கோழி, நாட்டுத்தக்காளி மாதிரி நாட்டு அலமாரியா?"

"ஆங், அதேதாம்மா!" என்றார், நான் கிண்டல் செய்தது தெரியாமல்.

பிறகு யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். அரண்மனைக்குச் செய்த நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். இது சேற்றில் உழைத்தவர்கள் தங்கள் பெண்ணுக்காகச் செய்தது. கோழிப் புறாவோடு சேர்த்து, அதில் ஒருத்தர் கை தெரிகிறது. எங்கள் வீட்டில் கரையான் கதவைத் தின்றது, உத்தரத்தைத் தின்றது, நைனாவின் ஜெபப் புத்தகங்களைத் தின்றது. இதைத் தொடவில்லை. இப்போது கடையில் வாங்கும் மரத்தூள் அலமாரி இரண்டு மழை தாங்குவதில்லை. நாலு தலைமுறை தாங்கும் என்று நம்பி யாரோ ஒரு அப்பன் செய்த சாமானைப் பார்த்தால், காசுள்ளவர்களுக்கும் ஏக்கம் வரத்தான் செய்யும். அன்றைக்கு விறகு என்றார்கள், இன்றைக்கு மவுசு என்கிறார்கள். நடுவில் மரம் மாறவே இல்லை.

பாஷா பாய் போனில் படம் எடுத்துப் போனார். நாலு நாளில், ஒரு பார்ட்டி நேரில் பார்க்க வருகிறார்கள் என்றார்.

காரில் இருந்தவர்

வந்தது ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். பெயர் ஷைனி. சென்னையில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தருகிறாளாம். அலமாரி முன்னால் வந்து நின்றாள். அப்புறம் அந்தக் கோழிப் புறாவை விரலால் தடவினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"கஸ்டமருக்கு இல்ல ஆன்ட்டி, எங்க வீட்டுக்கேதான். அம்மா போய் ஒரு வருஷம் ஆவுது. அப்பா தனியா இருக்காரு. பழைய வீட்ட இடிக்காம அப்படியே அழகா பண்ணலாம்னு. பின்னால ஒரு கெணறு இருக்கு, அதுக்கு மேல கிரில் போட்டு செடி வெக்கப் போறோம்."

"எந்த ஊரும்மா?"

"அரக்கோணம்."

அரக்கோணத்தில் கிணறு உள்ள வீடு ஆயிரம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா என்ன வேலையில் இருந்தார் என்று கேட்டேன். ரயில்வே என்றாள். தெருவுக்குள் வந்ததும் முட்டி வலி என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டார் என்றாள்.

"உள்ள வரச்சொல்லும்மா. வாசல் வரைக்கும் வந்துட்டு வெளியவே இருக்கறது நல்லா இல்ல."

அவள் போய்க் கூட்டிவந்தாள். ஒரு கையில் தடி, இன்னொரு கை காதுமடலில். நிலைப்படியில் கால் வைத்தவர், எதிரே அலமாரியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்படியே படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க பாவா" என்றேன்.

இரண்டு கொக்கிகள்

ஷைனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கு அப்பாவத் தெரியுமா ஆன்ட்டி?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்தால், பிறகு பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் பாவம் எதுவும் இதில் இல்லை. ஆனால் நான் இன்னும் சில வாரத்தில் இந்த வீட்டை விட்டுப் போகிறேன். என்னோடு ரெஜினா என்ற பெயரும் இந்தத் தெருவிலிருந்து போய்விடும். உயிரோடு இருப்பவர்களில் அவளைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

"உங்கப்பாவுக்கு மொதல்ல ஒரு கல்யாணம் ஆச்சும்மா. எங்க அக்காவோட. இந்த அலமாரி அவளோட சீர். உங்க வீட்டுக்குதான் வந்துச்சு. உங்க பாட்டி எறக்க உடல. அன்னிக்கே திரும்பி வந்துடுச்சு."

"அப்பா?" என்றாள் ஷைனி.

பாவா தடியை இறுக்கினார். "அதெல்லாம் பழைய கதம்மா. நீ கார்ல ஏறு."

"அவங்க எங்க இப்போ?"

"உங்க கெணத்துல செத்தா" என்றேன்.

பாவாவுக்குக் குரல் உயர்ந்தது. அத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"வழுக்கி வுழுந்தா! பாசி! நான் சொல்லல, உங்க நைனாவே சொன்னாரு. ஆபீசர் முன்னால, நீயும் கூட நின்னுகினு இருந்தியே. இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சொன்னது நைனாதானே. மகளைச் சுவருக்கு உள்ளே படுக்கவைக்க அவர் கொடுத்த வார்த்தையை, இந்த மனிதர் இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்து என் வாசலில் எடுத்து நீட்டுகிறார்.  வாயை வைத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று அக்கா சொன்ன அந்த வாய்க்கு அப்போது ஒரு வார்த்தையும் வரவில்லை.

நான் அலமாரியைத் திறந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்காவின் புடவைகளில் மேலாக இருந்த ஒன்றை எடுத்து ஷைனியின் கையில் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். துணியைப் பற்றித் தெரிந்தவள், உடனே அந்த வெளுத்த கோட்டைக் கண்டுபிடித்தாள்.

"இது என்ன ஆன்ட்டி, நடுவுல ஒரே லைனா?"

"கயிறு. அவளுக்குத் துணி வெக்க எடம் குடுக்கல. இருந்த வரைக்கும் கூடத்துல கயிறு கட்டி அதுலதான் தொங்குச்சு. செவுத்துல ரெண்டு பக்கமும் கொக்கி அடிச்சி."

ஷைனி புடவையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"ஹால்ல இருக்குதே, அந்த ரெண்டு கொக்கியா?"

பாவா காரைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஊஞ்சல் கட்டுனதுன்னு சொன்னீங்களேப்பா."

அவர் கை காதுமடலுக்குப் போனது. திருப்புவதற்கு அன்று அவரிடம் பேப்பர் இல்லை. மெதுவாகத் திரும்பி, தடியை ஊன்றிக்கொண்டு காருக்குப் போனார். ஷைனி புடவையை மடித்தாள். பழைய மடிப்பிலேயே மடிக்க முயன்றாள், இரண்டு முறை தப்பாகப் போனது. என்னிடம் கொடுத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டாள்.

இறக்கிய இடம்

பாஷா பாய் போன் செய்து வருத்தப்பட்டார். வேறு பார்ட்டி பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றேன்.

அடுத்த வாரம் ஷைனி வந்தாள். தனியாக, ஒரு தச்சரையும் ஒரு டெம்போவையும் கூட்டிக்கொண்டு. முகம் வீங்கியிருந்தது. அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"பேசமாட்டேங்கறாரு ஆன்ட்டி. அந்தக் கொக்கியப் புடுங்கிப் போடுன்னு ஆள் கூப்ட்டாரு. நான் உடல."

"இத எங்க வெக்கப் போறம்மா? அப்பா ரூம்லயா?"

"ஹால்ல. அந்தக் கொக்கிக்குக் கீழ."

விலை பேச வந்தாள். நான் தடுத்தேன். இது விற்கிற சாமான் இல்லை, ஏற்கெனவே அனுப்பிய சீர், கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான் என்றேன். யாராவது கேட்டால் ப்ரெஞ்ச் கண்ட்ரி என்று சொல்லிக்கொள், தப்பில்லை, ஆனால் முதலில் ரெஜினாவுடையது என்று சொல் என்றேன். தலையாட்டினாள்.

தச்சர் மர ஆணிகளைத் தட்டித் தட்டி எடுத்தார். நெற்றிப் பலகை, கதவுகள், பக்கப் பலகைகள். புறாக்கள் கூடையோடு கீழே இறங்கின. நைனா வைத்திருந்த அதே போர்வையைச் சுற்றினோம். புடவைகளைத் தனியாக ஒரு பெட்டியில் அடுக்கி, புதிதாக வெட்டிவேர் வாங்கி வைத்தேன். "நிறுத்தினதும் மொதல்ல இத உள்ள அடுக்கிடும்மா" என்றேன்.

டெம்போ கிளம்பியது. மூலையில் அலமாரி நின்ற இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. நாற்காலியை எடுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

வெயில் மலைக்குப் பின்னால் போயிற்று. எதிர் வீட்டில் இப்போது பவர்லூம். அது யாருக்காகவும் நிற்பதில்லை. தெருமுனையில் ஹாரன் கேட்டபோதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். திருப்பதி பஸ் பிடிக்கப் போகிற ஆட்டோக்கள்தான். காலையில் அரக்கோணம் போன டெம்போவுக்கு, இறக்காமல் திருப்பி அனுப்பியிருந்தால், திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் போனது. அதற்கு மேலும் உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை.

விளக்குப் போட எழுந்தேன். காலி மூலையைப் பார்த்து, "எறக்கிட்டாங்க நைனா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.